பொற்கொல்லன் நடத்திய பாடம்

என் நண்பர் ஒருவருடைய பெண் கல்லூரியில் குற்றவியல் படிக்கிறாள். 'குற்றவியலும் குற்ற நீதியும்' என்று பாடத்துக்கு முழுப் பெயர். அவள் அதில் சேர்ந்த அன்று அவளுடைய பாட்டி, "ஏன்டி, திருட்டுக்குக்கூடவா காலேஜ் வச்சிருக்காங்க?" என்று கேட்டாளாம். நண்பரின் கவலை வேறு மாதிரி. போலீஸ் வேலை வேண்டுமென்றால் நேரே பரீட்சை எழுதலாம். வக்கீல் ஆகவேண்டுமென்றால் சட்டம் படிக்கலாம். இரண்டிலும் சேராமல் நடுவில் இது என்ன படிப்பு என்பது அவர் கட்சி. "நீங்கதான் கொலைக் கதை எழுதறவராச்சே, அவகிட்டே கொஞ்சம் பேசிப் பாருங்க" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

பேசத்தான் போனேன். அவள் பேசினாள், நான் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கையில் நாலு புத்தகங்களோடு திரும்பி வந்தேன்.

நான் கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் படித்தவன் அல்ல. பட்டம் இல்லாதவனுக்குப் பாடப் புத்தகத்தின் மேல் ஒரு மயக்கம் உண்டு. அந்த மயக்கத்தோடுதான் படித்தேன். ஒரு கதாசிரியன் இந்தப் பாடத்தைப் படித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பாடத்தைப் பற்றிக் குறை சொல்லவும் எனக்குக் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. ஆனால் முதல் அடி என் முதுகில்தான் விழுந்தது.

சென்னைப் பல்கலைக் கழகத்திலும் நெல்லை மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக் கழகத்திலும் இந்தப் படிப்புக்குத் தனித் துறைகள் இருக்கின்றன. வேறு கல்லூரிகளிலும் பட்டப் படிப்பாக வந்துவிட்டது. சட்டக் கல்லூரியில் எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்று சொல்லித் தருகிறார்கள். போலீஸ் பயிற்சியில் குற்றவாளியை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித் தருகிறார்கள். இங்கே கேட்கிற கேள்விகள் வேறு. மனிதன் ஏன் குற்றம் செய்கிறான்? இன்னது குற்றம் என்று தீர்மானித்தது யார்? பிடிபட்டவனை நாம் என்ன செய்கிறோம்? பறிகொடுத்தவனுடைய கதி என்ன? இந்தக் கடைசிக் கேள்விக்கென்றே தனியாக ஒரு பாடம் இருக்கிறது. நான் இதுவரை எழுதியிருக்கிற கதைகளில், பிணமாகிப் போனவருக்கு முதல் அத்தியாயத்துக்குப் பிறகு வேலையே இருந்ததில்லை.

நடுவில் ஒரு சின்ன விஷயம். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால், இந்தப் பிள்ளைகள் பிரிவு எண்களை இரண்டிரண்டாக நெட்டுருப் போடுகிறார்கள். கொலைக்கு 302 போய் 103 ஆகிவிட்டது. மோசடிக்கு 420 போய் 318. ஒருவனை நல்ல தமிழில் 'நானூற்றிருபது' என்று திட்டுகிற சுகம் இனி அடுத்த தலைமுறைக்குக் கிடைக்காது. 'முந்நூற்றுப் பதினெட்டு' என்று சொல்லிப் பார்த்தேன். நாக்கில் காரம் ஏறவில்லை.

போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

எந்தக் குற்றவியல் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் சில அத்தியாயங்களுக்குள் லொம்ப்ரோஸோ வந்துவிடுகிறார். சீஸரே லொம்ப்ரோஸோ இத்தாலி தேசத்து டாக்டர். 1876-இல் குற்றவாளியைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். அதற்குச் சில வருஷங்கள் முன்னால், கலாப்ரியா பிரதேசத்தைச் சேர்ந்த விலெல்லா என்ற கைதியின் மண்டை ஓட்டைப் பரிசோதித்தபோது, சாதாரண மண்டைகளில் இராத ஒரு குழி அதன் பின்புறத்தில் இருந்ததைக் கண்டார். அந்தக் கணத்தில் தமக்கு எல்லாமே விளங்கிவிட்டதாகப் பிற்காலத்தில் எழுதினார். குற்றவாளி ஆவதில்லை; பிறக்கிறான். பூர்வகாலத்துக் காட்டு மனிதன் நம்மிடையே தவறி வந்து பிறந்துவிடுகிறான். அவனை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்: பெரிய தாடை, துருத்திய கன்ன எலும்பு, ஜாடிக்குப் பிடி வைத்தது போன்ற காது, நீளமான கை, பச்சை குத்திய தோல்.

இதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பாடப் புத்தகமும் அவரைக் கண்டிக்கத்தான் செய்கிறது. 1913-இல் சார்லஸ் கோரிங் என்ற ஆங்கிலச் சிறை வைத்தியர், சுமார் 3,000 கைதிகளை அளந்து, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் முதலியவர்களின் அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, குற்றவாளி முகம் என்று ஒன்று கிடையாது என்று எழுதிவிட்டார். லொம்ப்ரோஸோ 1909-லேயே காலமாகிவிட்டார். அவர் விருப்பப்படி அவருடைய எலும்புக்கூடு அவர் சேர்த்து வைத்த மியூஸியத்திலேயே, டூரின் நகரத்தில், இன்றைக்கும் நிற்கிறது. மற்றவர்கள் மண்டையை எண்ணினவர், தம்முடையதையும் வரிசையில் சேர்த்துவிட்டார். அந்த நேர்மையை மெச்சத்தான் வேண்டும்.

நான் சிரித்து முடித்த மறுவாரம் அந்தப் பெண் என்னுடைய புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். சுமார் இருபது வருஷத்துக்கு முன்னால் வாரப் பத்திரிகையில் தொடராக வந்த என் இரண்டாவது நாவல். காவேரிக் கரை ஊர் ஒன்றில் பெரிய வீட்டுப் பாட்டி கொலையாகிறாள். நகைப் பெட்டி போய்விடுகிறது. அன்று காலை கொல்லைப் பக்கம் கூடை முடைகிறவன் ஒருவன் வந்து போயிருக்கிறான். நாலாவது அத்தியாயத்தில் போலீஸார் அவனைப் பிடிக்கிறார்கள். ஏழாவது அத்தியாயத்தில் அடிக்கிறார்கள். இருபத்திரண்டாவது அத்தியாயத்தில் துப்பறிகிறவர் உண்மைக் குற்றவாளியைக் காட்டிக் கொடுக்கிறார். அந்த வீட்டுக் கணக்குகளைப் பார்த்து வந்த ஆடிட்டர், நெற்றியில் விபூதி, வாயைத் திறந்தால் நியாயம். இந்தத் திருப்பத்துக்காகவே எனக்கு அப்போது ஏராளமான கடிதங்கள் வந்தன. கடைசி அத்தியாயத்தில் கூடைக்காரன் விடுதலையாகி, துப்பறிகிறவரைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போகிறான்.

அவன் முதலில் தோன்றுகிற பக்கத்தில் நான் எழுதியிருந்ததன் சாரம் இது: பாதி மூடிய சிவந்த கண், முன்னால் தள்ளிய தாடை, கன்னத்தில் வெட்டுத் தழும்பு, முழங்காலைத் தொடுகிற கை. ஓரத்தில் பென்ஸிலால் அவள் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தாள்: 'லொம்ப்ரோஸோ'. கடைசிப் பக்கத்திலும் ஒரு வார்த்தை: 'பிறகு?'

"அவன் நிரபராதிம்மா! கடைசியிலே விட்டுடறாங்களே, நீ படிக்கலையா?" என்றேன்.

"படிச்சேன், மாமா. ஆனா இருபத்திரண்டு வாரம் வாசகர்கள் எல்லாரும் அவனைத்தானே சந்தேகப்பட்டாங்க? அதுக்கு நீங்க ஒரு காரணமும் சொல்லலை. முகத்தை மட்டும்தான் சொன்னீங்க."

துப்பறியும் கதையில் வாசகனைத் திசை திருப்ப ஓர் ஆள் வேண்டும், இது தொழிலில் பழைய உபாயம் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். விளக்கிக்கொண்டு போகும்போதே எனக்கு ஒன்று புரிந்தது. அந்த உபாயம் பலிக்க வேண்டுமானால், காரணம் சொல்லாமலே வாசகன் சந்தேகப்படக்கூடிய ஆளாக அவன் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஆளை நான் எங்கிருந்து எடுத்தேன்? லொம்ப்ரோஸோவை அப்போது நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. வாசகன் மனத்திலிருந்துதான் எடுத்தேன். என் மனத்திலும் அதே இடத்தில்தான் அவன் இருந்தான்.

அந்த இடத்தில் அவனைக் கொண்டுபோய் உட்கார வைத்தது கதாசிரியர்கள் மட்டும் அல்ல. 1871-இல் ஆங்கில சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டு வந்தது. லொம்ப்ரோஸோவின் புத்தகம் வருவதற்கு ஐந்து வருஷம் முன்னால் என்பதைக் கவனிக்க வேண்டும். 1911-இல் அதைத் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். பிறமலைக் கள்ளர், குறவர் முதலான சமூகங்களில் ஒருவன் பிறந்துவிட்டால் போதும். தனியாகக் குற்றம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கைரேகை வைக்க வேண்டும்; ஆஜர் கொடுக்க வேண்டும்; வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். மதுரை ஜில்லாவில் இதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸார் சுட்டதில் ஒரு பெண் உள்பட 16 பேர் மாண்டார்கள். சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இலும் தேசம் முழுவதும் 1952-இலும் போயிற்று. வழக்கமாகக் குற்றம் செய்பவர்கள் என்று வேறு பெயரில் வேறு சட்டங்கள் வந்தன. சிறை விதிகளில் ஜாதியைப் பார்த்து வேலை பிரித்துக் கொடுக்கும் பகுதிகள் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது 2024 அக்டோபர் 3-ஆம் தேதி. நேற்று நடந்தது போலத்தான்.

இதையெல்லாம் நான் பாடப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொன்னால் அது பொய். என் தொடர் முடிந்த வாரத்தில் வந்த கடிதங்களில் ஒரு தபால் கார்டும் இருந்தது. கூடை முடைகிற குடும்பத்தில் பிறந்து பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த ஒருவர் எழுதியிருந்தார். கூடைக்காரனை நிரபராதி என்று காட்டியதற்கு முதலில் நன்றி சொல்லியிருந்தார். தம்முடைய தாத்தாவை எந்தத் திருட்டிலும் யாரும் பிடித்ததில்லை என்றும், ஆனாலும் அவர் வெகு காலம் இராத்திரி தோறும் ஆஜர் கொடுத்துவிட்டுத்தான் படுத்தார் என்றும் எழுதியிருந்தார். அப்புறம் ஒரு கேள்வி. கதையில் வேலைக்காரிக்குப் பெயர் இருக்கிறது, நாய்க்குப் பெயர் இருக்கிறது, கூடைக்காரனுக்கு மட்டும் ஏன் பெயர் இல்லை என்று கேட்டிருந்தார்.

அந்தக் கார்டுக்கு நான் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்பது பாதிக் காரணம். பாராட்டுக் கடிதங்களுக்குப் பதில் எழுத நேரம் போதவில்லை என்பது மற்றப் பாதி. கார்டையும் பத்திரப்படுத்தவில்லை.

நம்முடைய துப்பறியும் கதைகளைப் பற்றிப் பொதுவாக ஒரு வார்த்தை. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் நடத்தின காலத்திலிருந்து இன்று வரையில் நமக்கு வேண்டியிருப்பது ஒரே கேள்விதான்: யார் செய்தது? கையில் விலங்கு விழுந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறோம். தேவன் மட்டும் இதில் விலக்கு. 'துப்பறியும் சாம்பு'வில் துப்பறிகிறவனையே அசடாக்கி, கண்டுபிடிப்பு என்பது பாதி அதிர்ஷ்டம் என்று சிரிக்க வைத்தார். 'ஜஸ்டிஸ் ஜகந்நாத'னில் கொலை வழக்கு விசாரணையையே நாவலாக்கினார். அந்த வழியில் அவருக்குப் பின்னால் அதிகம் பேர் போகவில்லை. நிஜ வழக்குகளிலும் இப்படித்தான். 1952-இல் போட் மெயில் ரயிலில் மானாமதுரையில் அகப்பட்ட டிரங்குப் பெட்டியைப் பற்றி, ஆளவந்தார் கொலையைப் பற்றி, எங்கள் தாத்தா தலைமுறை மணிக்கணக்காகப் பேசும். தீர்ப்பு என்ன, எத்தனை வருஷம் என்று கேட்டால் விழிப்பார்கள்.

ஆனால் விலங்கு விழுந்த பிறகுதான் அநேகம் பேருடைய கதை ஆரம்பமாகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் வருஷக் கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர். நாலு பேரில் மூன்று பேருக்குக் குற்றவாளி என்று தீர்ப்பே ஆகவில்லை. காத்துக்கொண்டிருக்கிறார்கள். காத்திருப்பதில் திருப்பம் ஒன்றும் கிடையாது. ஆகையால் தொடர்கதைக்கு உதவாது. நான் கூடைக்காரனை ஏழாவது அத்தியாயத்தில் லாக்கப்பில் விட்டுவிட்டுக் கடைசி அத்தியாயத்தில் போய் அழைத்து வந்தேன். நடுவில் இருந்த அத்தியாயங்களில் அவன் எங்கே இருந்தான் என்று என்னை யாரும் கேட்கவில்லை. வீட்டில் அடுப்பெரிந்ததா என்றும் கேட்கவில்லை. பென்ஸில் பிடித்த பெண் ஒருத்திதான் கேட்டாள்.

ருஷ்யாவில் டாஸ்டாயெவ்ஸ்கி 1866-இல் 'குற்றமும் தண்டனையும்' எழுதினபோது யார் செய்தது என்ற கேள்வியையே தூக்கி எறிந்துவிட்டார். முதல் பாகத்திலேயே கொலை நம் கண் முன்னால் நடந்துவிடுகிறது. கோடரி எடுத்தவன் சட்டம் படித்த மாணவன். அதுவும் நல்ல அழகன். அழகிய கரிய கண்கள். லொம்ப்ரோஸோ வாசலில் நின்றிருந்தால் அவனைத் தாராளமாக உள்ளே விட்டிருப்பார். டாஸ்டாயெவ்ஸ்கிக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்டால், அவர் சைபீரியாவில் ஓம்ஸ்க் சிறையில் நாலு வருஷம் கைதியாக இருந்தவர். முகங்களை அளவுகோல் இல்லாமல், பக்கத்தில் படுத்துப் பார்த்தவர்.

இனி பாடத்தின் பேரில் எனக்குள்ள புகார்.

புத்தகம் நல்ல புத்தகம்தான். அதை எழுதியிருக்கிற முறைதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வோர் அறிஞருக்கும் மூன்று தலைப்பு: கொள்கை, விளக்கம், குறைகள். லொம்ப்ரோஸோவுக்கும் இதே மூன்று தலைப்பு. அவரைக் கவிழ்த்தவர்களுக்கும் இதே மூன்று தலைப்பு. பத்து மார்க்குக் கேள்வி வந்தால் ஒன்றரைப் பக்கம், ஐந்து மார்க்கானால் முக்கால் பக்கம். இப்படிப் படிக்கிற பிள்ளைக்கு எல்லாக் கொள்கையும் ஒரே எடையாகத் தோன்றும். ஒன்று பதினாறு பேரைச் சுட வைத்த எண்ணத்துக்கு உடன் பிறந்தது, மற்றொன்று ஒரு மனிதனின் ஆயுள் உழைப்பு என்ற பேதமே தெரியாது. அத்தனை பக்கங்களிலும் ஒரு திருடனாவது வாயைத் திறந்து பேசுகிறானா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. அவனைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள்.

அந்த உழைப்பாளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். எட்வின் சதர்லாண்ட் அமெரிக்கப் பேராசிரியர். 1937-இல் அவர் வெளியிட்ட ஒரு புத்தகத்தில் பெரும் பகுதி அவர் எழுதியது அல்ல. தொழில்முறைத் திருடன் ஒருவன் சொன்னது. இவர் உட்கார்ந்து கேட்டார், கேள்வி போட்டார், குறிப்பு எழுதினார். அந்தத் திருடன் தன்னைக் காட்டு மனிதன் என்று நினைக்கவில்லை. தச்சனைப் போல, தையற்காரனைப் போலத் தொழில் கற்றவன் என்று நினைத்தான். மூத்த திருடர்கள் சேர்த்துக்கொண்டால்தான் ஒருவன் திருடன். சும்மா எதையோ எடுத்துக்கொண்டு ஓடினவனுக்கெல்லாம் அந்தப் பட்டம் கிடையாது. அதிலிருந்து சதர்லாண்ட் பிடித்தது, குற்றம் ரத்தத்தில் வருவதில்லை, சகவாசத்தில் கற்றுக்கொள்வது என்பது. பாட்டிகள் சொல்கிற பழைய சங்கதி மாதிரி இருக்கிறதல்லவா? ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. சகவாசத்தில்தான் கற்கிறார்கள் என்றால் ஏழைத் தெருவில் மட்டும் ஏன் தேட வேண்டும், கம்பெனிகளின் மேஜையைச் சுற்றியும் சகவாசம் உண்டே என்று கேட்டார். 1939-இல் ஃபிலடெல்ஃபியாவில் சமூகவியல் அறிஞர்களின் மகாநாட்டில் பேசும்போது 'வெள்ளைக் காலர்க் குற்றம்' என்ற பெயரை வழங்கினார். பிறகு பத்து வருஷம் உழைத்து, அமெரிக்காவின் மிகப் பெரிய கம்பெனிகள் 70-இன் பேரில் ஏற்பட்ட தீர்ப்புகளைச் சேகரித்துக் கூட்டினார். மொத்தம் 980. ஒன்றாவது இல்லாத கம்பெனி ஒன்றுகூட இல்லை.

1949-இல் அந்தப் புத்தகம் வெளிவந்தபோது கம்பெனிகளின் பெயர்கள் அதில் இல்லை. வழக்கு வருமே என்று பதிப்பாளர் பயந்தார். அவர் வேலை பார்த்த சர்வகலாசாலையும் பயந்தது. பெயர்களை எடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் சதர்லாண்ட் காலமானார். பெயர்களோடு முழுப் புத்தகம் அச்சானது 1983-இல்.

நம் பாடப் புத்தகத்தில் இதெல்லாம் முக்கால் பக்கம். பெயர் போன கதையும் அதில் இல்லை. கூடைக்காரனுக்குப் பெயர் வைக்காமல் விட்ட எனக்கு அந்த இடம்தான் உறைத்தது. பெரிய கம்பெனியின் பெயரைப் பயத்தினால் விடுகிறார்கள். ஏழையின் பெயரை விடுவதற்குப் பயம்கூடத் தேவைப்படவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவர்களை ஒரு நாள் சிறைச்சாலை பார்க்க அழைத்துப் போனார்களாம். ரெக்கார்டு நோட்டில் கட்டிடம் கட்டிய வருஷம், அறைகளின் எண்ணிக்கை, சமையல் கூடம், தொழிற்கூடம் எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறாள். கையெழுத்தும் மதிப்பெண்ணும் விழுந்திருக்கிறது. வாய்ப் பேச்சில்தான் வேறொன்று சொன்னாள். வரிசையில் நின்றிருந்த வயதானவர் ஒருவர் இவளைப் பார்த்து, "வெளியே மழை பெய்யுதா, பாப்பா?" என்று கேட்டாராம். அந்த ஒரு வரிக்கு நோட்டில் இடம் இல்லை. "எந்தத் தலைப்புல எழுதறதுன்னு தெரியலை, மாமா" என்றாள்.

அவளுக்கு நான் சொன்னது: உன் பாடத்திலேயே மிகப் பழைய வகுப்பு ஒன்று தமிழில் இருக்கிறது, சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையைப் படி என்றேன். சொல்லிவிட்டு நானும் மறுபடி படித்தேன். பள்ளிக்கூடத்தில் படித்தபோது கண்ணகி வழக்குரைப்பதுதான் மனத்தில் நின்றது. அதற்கு முந்தின காதையை வாத்தியாரும் வேகமாகக் கடந்துவிட்டார், நானும் கடந்துவிட்டேன்.

கோவலன் சிலம்பை விற்கப் போகிறான். நூறு பொற்கொல்லர் பின்தொடர எதிரே வருகிறவன் அரண்மனைப் பொற்கொல்லன். அரசியின் சிலம்பைத் திருடினவனே அவன்தான். ஊரில் அவனை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். அரசனிடம் போகத் தாராளமாக வழி உண்டு. கோவலனைத் தன் குடிசையருகே உட்கார வைத்துவிட்டு அரசனிடம் போய்ச் சொல்கிறான். அரசனோ ஊடல் கொண்ட தேவியைச் சமாதானம் செய்யப் போகிற அவசரத்தில், விசாரணை இல்லாமல் ஓர் உத்தரவைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். இனிமேல்தான் வகுப்பு.

காவலர்கள் வந்து கோவலனைப் பார்க்கிறார்கள். சாமுத்திரிகா லட்சணம் தெரிந்தவர்கள். இவன் கொலைக்கு உரியவன் அல்ல என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். பொற்கொல்லன் சிரிக்கிறான். சிரித்துவிட்டுப் பிரசங்கம் செய்கிறான்! கள்வர்களுக்கென்று நூல் உண்டு. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டுச் சாதனம் உண்டு. ஒவ்வொன்றாக எடுத்து விளக்குகிறான். உதாரணக் கதையும் சொல்கிறான். கொள்கை, விளக்கம் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. பிறகு இளைஞன் ஒருவன் தன் அனுபவத்தைச் சொல்கிறான்: மழைக்கால இருட்டில் ஒரு திருடன் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்தான் என்று. பயம் எல்லாரையும் பிடித்துக்கொள்கிறது. அந்தச் சமயத்தில் குடிவெறியில் இருந்த படிப்பில்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கோவலன் ஒரு வார்த்தை பேசினதாக அந்த இடத்தில் இல்லை. அவனை யாரும் கேட்கவும் இல்லை.

திருடன் யார் என்று நமக்கு முன்பே தெரியும். ஆகவே மர்மம் கிடையாது. நிபுணன் இருக்கிறான், அனுபவசாலி இருக்கிறான், உத்தரவு இருக்கிறது, ஆயுதம் இருக்கிறது. இவை எல்லாம் சேர்ந்து ஒரு மனிதனைக் கொல்லுவதைக் கவி படிப்படியாகக் காட்டுகிறார். பாடம் நடத்துகிறவனே திருடன் என்பதுதான் இதில் உச்சம். சதர்லாண்டுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் இந்தக் காதையைத் தம் புத்தகத்துக்கு முகப்பாக வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண் படித்துவிட்டு வந்து ஒரு கேள்வி போட்டாள். "லட்சணம் பார்த்தவங்க சொன்னது சரியாத்தானே இருந்தது, மாமா? அப்போ லொம்ப்ரோஸோ கட்சி ஜெயிச்சுட்டுதே?"

இரண்டு நாள் யோசித்தேன். கோவலன் பெருவணிகன் மகன். கையிலே காசு இல்லாவிட்டாலும் மேனியில் அந்த வளர்ப்பு போகுமா? காவலர்கள் கண்ட லட்சணம் அதுதான். அந்தக் குடிசை வாசலில் அதே சிலம்போடு ஒரு கூடைக்காரன் உட்கார்ந்திருந்தால் அவர்கள் வாய் திறந்திருப்பார்களா? பொற்கொல்லனுக்குப் பிரசங்கம் செய்கிற சிரமமே இருந்திராது. காதை பாதியாகச் சுருங்கியிருக்கும். அதை எழுதுவதற்கு ஒரு கவியும் வந்திருக்க மாட்டார். இதைச் சொன்னதும் அவள் நோட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டாள். எந்தத் தலைப்பில் என்று நான் கேட்கவில்லை.

இதற்கு நடுவில் என் பதிப்பாளர் அந்தப் பழைய நாவலைப் புதிய பதிப்பாகக் கொண்டுவர விரும்பினார். அச்சுப் பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தால் போதும் என்றார். நாலாவது அத்தியாயத்தில் கன்னத் தழும்பை அடித்தேன். தாடையையும் கையையும் அடித்தேன். கண்ணை மட்டும் விட்டுவைத்தேன். கண் எல்லாருக்கும் உண்டு. அடித்த பிறகு பார்த்தால், அவனைச் சந்தேகிக்க எந்த முகாந்திரமும் இல்லாமல் அந்த அத்தியாயம் தொளதொளவென்று தொங்குகிறது. சரி, பெயராவது வைப்போம் என்று ஒரு பெயர் வைத்தேன். பெயர் வைத்ததும் அவன் ஓர் ஊரிலிருந்து வர வேண்டியதாயிற்று. ஊர் வந்ததும் வீடு வந்தது. ஸ்டேஷனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு யார் வந்தார்கள் என்று எழுத உட்கார்ந்தேன். அது மட்டும் முப்பது பக்கம் ஆகிவிட்டது. தாத்தா ஒருவரும் வந்து சேர்ந்திருக்கிறார், இராத்திரியானால் இன்னமும் பழக்க தோஷத்தில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறவர்.

போன வாரம் பதிப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். அனுப்பின வரையில் படித்துவிட்டாராம். "நல்லாத்தான் இருக்கு, சார். ஆனா துப்பறியறவர் எப்போ வருவார்?" என்று கேட்டார்.

வருவார் என்று சொல்லியிருக்கிறேன்.